இல்லை என்பதற்கு ஒரு காகிதம்

"…அப்ப நான் அங்க போனதே குத்தம்னா, போகச் சொன்ன உங்களை என்ன செய்யறதுங்க ஐயா?"

அட்டன் டவுனில், கடைத்தெருவுக்கு மேலே இருந்த ஒரு கட்டடத்தின் உள்ளறையில், மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு என் அண்ணி இப்படிக் கேட்டார். மேசைக்குப் பின்னால், பிரஜாவுரிமை மனுக்களை விசாரிக்க வந்த அதிகாரி. அவர் பக்கத்தில், எங்கள் பேச்சை அவருக்குச் சிங்களத்தில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். அண்ணிக்குப் பின்னால், காகிதங்களைப் படித்துக் காட்டுவதற்காக நான். ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைநாள். எங்கள் சேலைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் அந்த மெழுகிய தரையில் ஓடி மேசைக்காலைத் தொட்டுவிட்டிருந்தது.

பதில் வராத கேள்வியைத் தூக்கிக்கொண்டு சும்மா வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை அண்ணி. அடுத்து அவர் செய்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஆளைத் தெரியாமல் அதைக் கேட்டால், யாரோ ஒரு பைத்தியக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். பைத்தியம் அண்ணிக்கு இல்லை. மனு தள்ளுபடி ஆகிவிட்டது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

அண்ணிக்குக் கோபம் வரும் என்று சொல்வது, எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிற அக்கரப்பத்தனையில் மழை வரும் என்று சொல்வது மாதிரி. எப்போது வராமல் இருந்தது என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் மற்றவர்களுக்கு வருகிற மாதிரி வராது. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் மற்றப் பெண்களுக்குக் கோபம் வந்தால் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்கும். அண்ணிக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். இறங்கி இறங்கி, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல்வார்: "திருப்பிச் சொல்லுங்க." அதைக் கேட்டதும் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

எங்கள் வேலையை மேற்பார்க்கப் புதிதாக வந்த ஒரு கண்டாக்கு அப்படித்தான் மாட்டிக்கொண்டார். நாங்கள் செங்குத்தான மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். அவர் கீழே ரோட்டில் குடை பிடித்து நின்றுகொண்டு, "ஏய் கழுதை, அந்த நிரையை யாரு பாக்கிறது?" என்று கத்தினார். அண்ணி நிமிர்ந்தார்.

"திருப்பிச் சொல்லுங்க ஐயா. காத்துல சரியா விழல."

அந்த மனிதர் திருப்பிச் சொன்னார். இந்த முறை இன்னும் உரக்க.

அண்ணி கூடையை இறக்கிவைத்தார். "கழுதைக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாதுங்க ஐயா. கழுதை நிக்கும்" என்றார். சொன்னபடி நின்றார். கை இரண்டையும் தொங்கப்போட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, நானும் கூடையை இறக்கினேன். "நானும் கழுதைங்க ஐயா." அடுத்த நிரையில் இன்னொருத்தி. அதற்கடுத்த நிரையிலும். பத்துமணி மூடுபனியில் ஒரு மலை முழுக்கப் பெண்கள் அசையாமல் நின்றோம். துரை குதிரையில் வருகிற நேரம் நெருங்க நெருங்கக் கண்டாக்குக்கு வேர்த்தது. "சரி, சரி, பறிங்கம்மா" என்றார்.

"யாரைச் சொன்னீங்க?"

"உங்களைத்தாம்மா."

"என்னை மட்டுமா? இந்த அம்மாக்களை?"

ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து அந்த மனிதர் அம்மா என்று சொல்லி முடிக்க இன்னும் நேரம் ஆயிற்று.

என் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்த அன்றும் அண்ணி அழுததைவிடக் கோபப்பட்டதுதான் எனக்கு நினைவிருக்கிறது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னங்கறேன்?" என்று பிணத்தைப் பார்த்துக் கேட்டார். ஒரு வருஷம் அண்ணன் பெயரை வாயில் எடுக்கவில்லை. பாசம் என்று ஒன்று அவரிடம் இல்லாமலில்லை. அதுவும் திட்டாகத்தான் வெளியே வரும். நான் பிள்ளை பெற்று மெலிந்து கிடந்தபோது, தினமும் வேலை முடிந்து வந்து ரொட்டி தட்டிப் போடுவார். "தின்னு. தின்னுட்டுத் தெம்பா என்கூட சண்டைக்கு வா. இப்ப உன்னத் திட்டுனா எனக்கே பாவமா இருக்கு."

அந்தப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நாங்கள் எல்லோரும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று எழுதிக் கொடுத்து நிரூபிக்க வேண்டும் என்று ஆனபோது, அண்ணியின் மனுவை நிரப்பியது நான்தான். சீனி சுற்றி வரும் பழைய பேப்பர்களைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கற்றவள் நான். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதத் தெரியும் என்ற கொழுப்பில், கேட்ட எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். அண்ணி பிறந்தது இதே தோட்டத்தில். அவருடைய அம்மாவும் இதே தோட்டத்தில். அண்ணன் புதைந்திருப்பதும் இங்கே. பிள்ளைகள் இரண்டும் பெண்கள், பிறந்தது எங்கள் லயத்தின் நாலாவது காம்பராவில். கடைசியில், புருஷனின் தகப்பன் எந்த ஊர் என்று ஒரு கட்டம் இருந்தது. என் அப்பாவின் ஊர். திருச்சி ஜில்லா, மேட்டுப்பட்டி என்று அழகாக எழுதினேன். அப்பா சிறு வயதிலேயே கப்பல் ஏறியவர். அந்த ஊரை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

முதல் விசாரணையில் அதிகாரியின் விரல் அந்தக் கட்டத்தில்தான் நின்றது. அங்கே நிலம் இருக்கும், வீடு இருக்கும், என்றைக்காவது திரும்பிப் போகிற எண்ணம் இருக்கும் என்றார். இல்லைங்க என்றார் அண்ணி. இல்லை என்றால், இல்லை என்று அந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள்.

வெளியே வந்து படியில் நின்று அண்ணி என்னைக் கேட்டார்: "இருக்கறதுக்குத்தானே புள்ள காகிதம் கேப்பாங்க? என்கிட்ட யானைகூடத்தான் இல்ல. அதுக்கும் ஒரு காகிதம் வாங்கியாறவா?"

அந்தக் கட்டத்தை நிரப்பிய கை என்னுடையது.

"போறோம்" என்றார். "நீயும் வர்ற. படிக்கத் தெரிஞ்சவ நீதான். இந்தக் காகிதம் இல்லாம எம் புள்ளைங்களை நாளைக்கு ஒருத்தன் 'வெளிய போ'ன்னா, நான் எதைக் காட்டுவேன்?"

பிள்ளைகளை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, போய்வர முத்திரை குத்திய பிரயாணப் பத்திரத்தோடு கிளம்பினோம். அட்டனில் ரயில் ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார். அங்கிருந்து கப்பல். என் துணிமணி ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அண்ணியின் துணிமணி அவருடைய கொழுந்துக்கூடையில் இருந்தது. கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, மலைக்குப் போகிற மாதிரியே கப்பலுக்கும் வந்தார். "பெட்டி கையை இழுக்கும். தலைச்சுமை கழுத்தை ஒடிக்கும். முதுகை எதுக்குக் குடுத்திருக்கான் சாமி?" இரண்டாம் நாளே என் பெட்டியில் இருந்ததும் அந்தக் கூடைக்குள் போயிற்று. பெட்டியைத் திருச்சியில் ஒரு கடையில் விற்றுவிட்டேன்.

துறையூர்ப் பக்கம் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, மேட்டுப்பட்டி என்று அங்கே ஒரு ஊர் இல்லை, மூன்று ஊர். ஒன்றுக்கொன்று நாள்நடை. நடந்தோம். அந்த வெயில் எங்களுக்குப் புதிது. மலையில் நாங்கள் தேடி உட்காருகிற வெயில், அங்கே எங்களைத் தேடி வந்து அடித்தது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அண்ணியின் முதுகைத்தான் பார்த்தார்கள்.

"என்னத்தா விக்கிற?" என்று கேட்டார் ஒரு மாட்டுவண்டிக்காரர்.

"கோவம் விக்கிறேன். ஒரு படி போடவா?"

வண்டிக்காரர் சிரித்துவிட்டு, "கண்டிச்சீமைக்காரியா? வாயைப் பாத்தாலே தெரியுது" என்று போய்விட்டார். அண்ணி நின்றுவிட்டார். "கேட்டியா புள்ள? அங்க நம்மள இந்தியாக்காரிங்கறான். இங்க வந்தா கண்டிக்காரிங்கறான். நடுவுல இருக்கற தண்ணியிலயா வீடு கட்டறது?"

முதல் மேட்டுப்பட்டியில் ஒரு கிணற்றில் தண்ணீர் கேட்டோம். இறைத்துக்கொண்டிருந்த பெண் வாளியைக் கையில் பிடித்தபடி, "நீங்க என்ன ஆளுக?" என்றாள்.

அண்ணியின் குரல் இறங்கியது. "திருப்பிச் சொல்லு."

"இல்ல, என்ன ஆளுகன்னு கேட்டேன்."

"தாகம் எடுத்த ஆளுக. ஊத்து."

அவள் ஊற்றவில்லை. அண்ணி என் பக்கம் திரும்பினார். "எங்க லயத்துலயும் இதைக் கேக்கறவ ரெண்டு பேரு இருக்காளுங்க. அவளுகளை நெனப்பு வந்துருச்சு. வா போவம்" என்றார். ஊர் ஞாபகம் அங்கே முதலில் வந்தது இப்படித்தான்.

இன்னொரு ஞாபகம் அவர் விரலில் இருந்தது. வேலியோரமாக நடக்கும்போது அண்ணியின் கை சும்மா இருக்காது. அவருக்கே தெரியாமல் இளந்தளிரைக் கிள்ளும். கிள்ளியது தோளுக்கு மேலே பறந்து பின்னால் கூடைக்குள் விழும். திரும்பிப் பார்க்கவும் மாட்டார். சாயங்காலம் கூடையைக் கவிழ்த்தால் சேலையோடு சேர்ந்து மருதாணி, முருங்கை, பெயர் தெரியாத வேலிச்செடி எல்லாம் கொட்டும். ஒரு தோட்டக்காரர் கம்போடு துரத்தி வந்தார். "ஏம்மா, மருதாணி வேலியை மொட்டையடிச்சுக்கிட்டே போறீக, ஆடா நீங்க?" அண்ணி கூடையை இறக்கி உள்ளே பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். முதல்முறையாக ஒருவரிடம் அவர் தலைகுனிந்ததைப் பார்த்தேன். அந்த மனிதர் போனதும் தன் விரல்களை முகத்துக்கு நேரே பிடித்துத் திட்டினார்: "இங்க எவன்டி தொரை? எவனுக்குப் பறிக்கிற?" திட்டிவிட்டு, கூடையிலிருந்த இலைகளை அள்ளிப் பார்த்தார். முற்றலை எல்லாம் தனியாகப் பொறுக்கி எறிந்தார்.

இரண்டாவது மேட்டுப்பட்டியில் நடந்ததைச் சொல்லாதே என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் படுத்திருந்தோம். விடிவதற்குச் சற்று முன் தப்பு மேளம் அடித்தது. எங்களுக்குப் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: எழுந்து பெரட்டுக்குப் போ, வரிசையில் நில், அன்றைக்கு வேலைக்குப் பெயர் கொடு. நான் கண்ணைத் திறப்பதற்குள் அண்ணி, விரித்துப் படுத்திருந்த சாக்கை மலைக்குப் போகிற மாதிரி இடுப்பில் சுற்றிக் கட்டி, கூடையை மாட்டி, சத்தம் வந்த திசையில் போய்விட்டார். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். பந்தலும், வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களும் கண்ணில் பட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, நாங்கள் இருப்பது தோட்டத்தில் இல்லை என்று. அந்த ஊரில் தப்பு, சாவுக்கு அடிக்கிறார்கள்.

அதற்குள் அண்ணி வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டார். தூரத்திலிருந்து சாவுக்கு வந்த உறவு என்று நினைத்து இரண்டு பெண்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். கூடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி, "எங்கிருந்து தாயீ வாரே?" என்று விம்மினாள்.

"அக்கரப்பத்தனை" என்றார் அண்ணி, முழிபிதுங்க.

"அம்புட்டுத் தூரமா! அக்கா, பாத்தியாக்கா, அக்கரப்பத்தனையிலிருந்து உன்னைப் பாக்க வந்திருக்காகக்கா!" என்று அவள் பிணத்திடம் சொல்லி அழுதாள். அதைக் கேட்டதும் அண்ணி உட்கார்ந்து அழுதார். பொய் அழுகை இல்லை. நல்ல அழுகை. அண்ணனுக்கு அழாததை எல்லாம் சேர்த்து அழுத மாதிரி இருந்தது. ஊரைத் தாண்டி வந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்தது யாருன்னே தெரியாம அழுதுட்டு வரேன். இவ்வளவு தூரம் வந்தும் அந்தப் பெரட்டுத் தப்பு என்னை விடமாட்டேங்குது பாரு. முதுகுல ஏறிக் கூடவே வந்திருக்கு."

மூன்றாவது மேட்டுப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு மளிகைக்கடை. பொரிகடலை வாங்க நின்றோம். கடைக்கு உள்ளே, மூலையில், ஓரங்களில் தகரம் அடித்த ஒரு பலகைப் பெட்டி. அதன் பக்கவாட்டில் கறுப்பு மையில் ஒரு வட்டமும் அதற்குள் மூன்று இங்கிலீஷ் எழுத்தும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எங்கள் தோட்டத்து ஆலை வாசலில் நாள்தோறும் பார்க்கிற முத்திரை அது. தேயிலை அடைத்து அனுப்புகிற பெட்டி. யாரோ எப்போதோ ஊர் திரும்பியவர்கள் சாமான் போட்டுக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்.

"அதுல என்ன வச்சிருக்கீங்க?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"கல்லுப்பு ஆத்தா."

"தேயிலைப் பெட்டியில உப்பா?"

"பெட்டிதானே."

"அந்தப் பெட்டிக்கு எத்தனை பொம்பளைங்க மழையில நின்னாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? உப்பு கொட்டி வச்சிருக்கீங்க!"

கடைக்காரர் நல்ல மனிதர். சண்டைக்கு வரவில்லை. "வேணுமின்னா பாத்துக்க ஆத்தா" என்று வழிவிட்டார். அண்ணி பெட்டிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. முகர்ந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் உப்பு ஒட்டியிருந்தது.

"வாசமே இல்ல புள்ள. ஒரு பொட்டு வாசம்கூட வைக்காம அழிச்சிட்டான்."

அன்று பொரிகடலையும் தின்னவில்லை.

மூன்றாவதுதான் எங்கள் மேட்டுப்பட்டி. அப்பாவின் பங்காளி வீட்டார் மூன்று குடும்பம் அங்கே இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. மூத்தவர் எனக்கு அண்ணன் முறை. "பங்கு கேக்க வந்தீகளா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"பங்கு இருந்தா கழட்டிவிட வந்தேன்" என்றார் அண்ணி. அவர் நம்பவில்லை.

ஊர்க் கணக்கு வைத்திருந்த கர்ணத்திடம் போனோம். அவர் ஊர்ப் பதிவேட்டை விரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, பரிதாபமாக, "உங்க மாமனார் பேர்ல நிலம் ஒண்ணும் இல்லம்மா. வீடும் இல்ல. வருத்தப்படாதீக" என்றார்.

"இல்லையா?" அண்ணியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாத்துட்டீங்களா? அப்ப எழுதுங்க ஐயா. பெருசா எழுதுங்க."

கர்ணம் எழுதுகோலை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார். "பொறுங்க. ஒரு புளியமரம் இருக்கு. ஓடைக்கரையில. அதுல அஞ்சுல ஒரு பங்கு."

அண்ணி அந்தப் பதிவேட்டைப் பார்த்த பார்வையில் அது தீப்பிடித்திருக்க வேண்டும். "அந்த மரத்து நெழல்லகூட நான் நின்னதில்லைங்க ஐயா. அதை அடிச்சிடுங்க."

"அப்படி அடிக்க முடியாதும்மா. யாருக்காவது விட்டுக்கொடுத்தா எழுதலாம்."

விட்டுக்கொடுத்தார். ரேகை வைத்தார். என் அப்பா ஏறி விளையாடிய மரமாக இருக்கலாம். பங்காளிகளுக்கு அப்போதுதான் முகம் விரிந்தது. சோறு போட்டார்கள். போகும்போது ஒரு பொட்டலம் புளி கொண்டுவந்து நீட்டினார்கள். அண்ணி பின்வாங்கினார். "வேணாங்க. இந்தப் புளியைக் கொண்டுபோனா அதுவும் எனக்கு எதிரா சாட்சி சொல்லும்." அவர் பார்க்காதபோது நான் ஒரு பிடி வாங்கி மடியில் முடிந்துகொண்டேன். திரும்பக் கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் எங்களை நிறுத்தி மருந்து அடித்துச் சோதித்த நாட்களில் அண்ணி அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு மூச்சுத் திட்டினார். பிறகு ஒரு சுளையை வாயில் போட்டுச் சப்பி, "புளிப்பே இல்ல. நம்ம கடைப் புளி தேவலாம்" என்றார். மிச்சத்தை இரண்டு பேரும் அங்கேயே தின்று தீர்த்தோம்.

கடிதம் என்னிடம் இருந்தது. கர்ணம் எழுதியது இதுதான்: மேற்படி நபர் ஐந்தில் ஒரு பங்கு புளியமரத்தைப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுத்தபடியால், இன்று முதல் இக்கிராமத்தில் அவருக்கு யாதொரு சொத்தும் பாத்தியதையும் இல்லை. கப்பலிலும் ரயிலிலும் அதை நான் எத்தனையோ தடவை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வார்த்தையில் வந்து நிற்கும்போதெல்லாம் அவர் தலையாட்டுவார். முன்னால் இருக்கிற வரிகளை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அதிகாரி அந்த முன்வரிகளைத்தான் படித்தார். அப்படியானால் நேற்றுவரை சொத்து இருந்திருக்கிறது என்றார். அதைக் கைமாற்றிக் கொடுக்க நேரில் போயிருக்கிறாய். அங்கே உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டதை நீயே சொன்னாய். பிரயாணப் பத்திரத்தில் போன முத்திரையும் இருக்கிறது, வந்த முத்திரையும் இருக்கிறது. தொடர்பே இல்லாதவர்கள் கடல் தாண்டிப் போவார்களா என்றார். மொழிபெயர்ப்பாளர் இதை எல்லாம் எங்களுக்குச் சொல்லி முடித்தார். அப்போதுதான் அண்ணி நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். மிகவும் மெதுவாக.

மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள்தான். பயந்த மனிதர். அதிகாரியிடம் திரும்பி, தெரியாமல் போய்விட்டாளாம், வருந்துகிறாளாம், தயவு பண்ணச் சொல்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார். அண்ணிக்கு சிங்களக் கிராமங்களின் நாட்டுச் சந்தையில் பழகிய சிங்களம் உண்டு.

"ஏக்க நெமெய் மம கிவ்வே" என்றார் அண்ணி அதிகாரியைப் பார்த்து. நான் சொன்னது அதில்லை என்று. பிறகு தான் சொன்னதைத் தன் சிங்களத்திலேயே சொன்னார். அதிகாரி முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். முடிவு தபாலில் வரும் என்றார். அது என்ன முடிவு என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளி விறாந்தையில் முப்பது நாற்பது பேர் காகிதக் கட்டுகளோடு காத்திருந்தார்கள். கதவோரத்தில், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், மனைவியோடு, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். அண்ணி அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"பயணமா?"

"ஆமா ஆத்தா. ஊர்ல ஒண்ணும் இல்லேன்னு காகிதம் கேட்டிருக்காங்க. போற தேதியை ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு இப்படியே ரயிலேறலாம்னு."

"போகாதீங்க. கடுதாசி போட்டுத் தபால்ல எடுங்க. நேர்ல போனா, ஏன் போனேன்னு கேட்டுத் தள்ளிவிடுவாங்க. இப்பத்தான் என்னைத் தள்ளினாங்க."

பெரியவர் சிரித்தார். "ஐயாவே போகச் சொல்லியிருக்காரு ஆத்தா."

"என்னையும்தான் சொன்னாரு!"

"அது உங்க கேஸு. எங்க கேஸு வேற. டிக்கெட்டும் எடுத்தாச்சு." அவர் குனிந்து பெட்டியின் பிடியில் கை வைத்தார்.

அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டு, பெட்டியை இழுத்துச் சுவரோடு போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"எந்திரிங்க ஆத்தா" என்றார் பெரியவர். மனைவி, "என்னம்மா இது அநியாயம்!" என்று சத்தம் போட்டார். உள்ளேயிருந்து சேவகன் வந்தான். மொழிபெயர்ப்பாளரும் கதவில் வந்து நின்றார். காத்திருந்தவர்கள் எழுந்து கூடிவிட்டார்கள். நான், "அண்ணி, வாங்க அண்ணி" என்று தோளைத் தொட்டேன். தோள் கல் மாதிரி இருந்தது. கீழே ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிற சத்தம் மழையோடு சேர்ந்து கேட்டது.

"ரயிலு வந்துருச்சு ஆத்தா!" பெரியவர் மறுபடியும் பெட்டியைப் பிடித்து இழுத்தார்.

"வரட்டும்" என்றார் அண்ணி. "வந்து போகட்டும்." இரண்டு பக்கப் பிடிகளையும் கையால் பற்றி, காலை அகட்டி ஊன்றி, இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.